நோர்பரி வாங்குக்கு அருகில்

தோர்ண்டன் ஹீத் முத்தமிழ் ஒன்றியம்
18 ஜனவரி 1988

செயலாளர்,
ஸ்ட்ரெதம் தமிழர் நலன்புரி மன்றம்

அம்மணி,

பொங்கல் வாழ்த்துகள். தாமதத்துக்குக் காரணம், உங்கள் வாழ்த்து முதலில் வரும் என்று நாங்கள் காத்திருந்ததே.

கவுன்சிலிலிருந்து எங்களுக்கு வந்த கடிதம் உங்களுக்கும் வந்திருக்கும். ஒன்பதாம் திகதி சனிக்கிழமை பின்னேரம் நோர்பரியில், பஸ் தரிப்பை அடுத்து ஆட்கள் உட்காரும் மர வாங்கில், ஒரு தமிழர் இருந்தபடியே இறந்திருக்கிறார். மாரடைப்பு. ஐம்பது வயதுக்கு மேல். அறை வாடகைக்குக் கொடுத்த அம்மா தில்லையம்பலம் என்று பெயர் சொல்லியிருக்கிறார். வேறொன்றும் அவருக்குத் தெரியாது. அறையில் ஒரு சூட்கேஸ், தலையில் ஒரு கம்பளித் தொப்பி, சட்டைப்பையில் ஒரு துண்டுக் காகிதம். உறவினர் எவரும் அகப்படவில்லை. தமிழர் அமைப்பு ஒன்று பெப்ரவரி 12க்கு முன் பொறுப்பேற்றால் உடலைத் தருவார்களாம். இல்லையென்றால் கவுன்சிலே பெயர்ப்பலகை இல்லாத பொதுக்குழியில் அடக்கிவிடும்.

நோர்பரி இரண்டு ஊருக்கும் நடுவில் கிடப்பது நீங்கள் அறிந்ததே. 1985இல் அங்கத்தவர்களைச் சேர்ப்பதில் நமக்குள் ஏற்பட்ட மனக்கசப்பின் பின், சிவப்புப் பென்சிலால் எல்லைக்கோடு கீறி நான் தயாரித்த வரைபடத்தை இரு தரப்பும் ஏற்றுக் கையெழுத்திட்டன. இருந்தும் வெறும் கோட்டைக் காட்டிப் பேசுவது எனக்குப் பழக்கமில்லை. இலங்கை நில அளவைத் திணைக்களத்தில் இருபத்திரண்டு வருடம் இருந்தவன். வீதி வேலை செய்யும் எங்கள் அங்கத்தவர் ஒருவரிடம், உருட்டித் தூரம் அளக்கும் அளவைச் சக்கரம் இரவல் வாங்கி, நேற்று ஞாயிற்றுக்கிழமை தூறலில் நடந்து அளந்தேன்.

வாங்கிலிருந்து உங்கள் மண்டபம்: 6,388 அடி.
வாங்கிலிருந்து எங்கள் மண்டபம்: 6,490 அடி.

நூற்று இரண்டு அடி உங்களுக்கு அருகில். இதில் எங்களுக்கு மகிழ்ச்சியும் இல்லை, துக்கமும் இல்லை. அளவு அளவுதான். பொறுப்பேற்கும் உங்கள் மன்றத்துக்கு எங்கள் முழு ஆதரவும் ஒரு மலர்வளையமும் உண்டு.

இப்படிக்கு,
வே. குலசேகரம்
செயலாளர்


ஸ்ட்ரெதம்
22 ஜனவரி 1988

ஐயா,

இதைத் தொலைபேசியில் ஐந்து நிமிடத்தில் பேசியிருக்கலாம். எடுத்தேன். உங்கள் மனைவி, "அவர் உங்களோட கதைக்க மாட்டாராம். எழுதட்டாம்" என்றார். ஆகவே எழுதுகிறேன்.

எங்கள் மன்றத்தில் இன்றைய கணக்கில் 212 அங்கத்தவர்கள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் தொண்ணூறு பிள்ளைகள். தென் லண்டனில் வேறெந்தத் தமிழ் அமைப்புக்கும் சொந்தமாகத் தட்டெழுத்து யந்திரம் கிடையாது என்பதையும் தாழ்மையுடன் குறிப்பிடுகிறேன். எங்கள் அங்கத்தவர் பதிவேட்டில் தில்லையம்பலம் என்று ஒருவரும் இல்லை.

அளவைப் பற்றி. எங்கள் பக்கம் தெருவோர வெளிவாசல் கேற்றில் சக்கரத்தை நிறுத்தியிருக்கிறீர்கள். உங்கள் பக்கம் மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு பின்னால் சமைக்கும் குசினிக் கதவுவரை உருட்டியிருக்கிறீர்கள். சென்ற வருடம் உங்கள் கலைவிழாவில் வடைக்காக அந்தக் கதவடியில் நாற்பது நிமிடம் நின்றவள் நான். முன்வாசலுக்கும் அதற்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று சக்கரம் இல்லாமலே எனக்குத் தெரியும்.

உடல் நான் தாதியாக வேலை செய்யும் ஆஸ்பத்திரியின் சவச்சாலையில்தான் இருக்கிறது. இந்த வாரம் எனக்கு ஓய்வில்லாத ஷிப்ட். நேரம் கிடைக்கும்போது போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

மரியநாயகி யாக்கோப்பு
செயலாளர்


தோர்ண்டன் ஹீத்
25 ஜனவரி 1988

அம்மணி,

ஒரு மண்டபத்தின் தூரத்தை எங்கிருந்து அளப்பது என்பது அளவையாளனின் தீர்ப்புக்கு உரியது. எங்கள் ஒன்றியத்தின் உயிர் குசினியில்தான் இருக்கிறது என்பதை வடைக்கு நின்ற நீங்களே உறுதிப்படுத்திவிட்டீர்கள். நன்றி.

எங்கள் செயற்குழு நேற்றுக் கூடியது. இரங்கல் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. நாற்பது பேர் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நின்றோம். மௌனம் முடிந்ததும் குழுவில் ஒருவரான ஆனந்தராஜா, "ஆருக்காக நிண்டனாங்கள்?" என்று கேட்டார். நிகழ்ச்சி நிரலில் இல்லாத கேள்வி என்று தலைவர் மறுத்துவிட்டார்.

கவுன்சிலின் திகதி பெப்ரவரி 12 என்பதை நினைவூட்டுகிறேன். நாள் தவறினால் அந்தப் பழி உங்கள் மன்றத்தைச் சேரும். நூற்று இரண்டு அடி.

வே. குலசேகரம்


ஸ்ட்ரெதம்
31 ஜனவரி 1988

ஐயா,

இது செயலாளர் செயலாளருக்கு எழுதும் கடிதமல்ல. கோப்பில் போடவேண்டாம்.

வியாழக்கிழமை வேலை முடிந்து சவச்சாலைக்குப் போனேன். வெளியே நடைபாதையில் ஒரு நாற்காலி போட்டு, கறுப்புத் தொப்பியோடு ஒரு கிழவர் இருந்தார். பெயர் ரோசன். முன்பு தொப்பி தைத்தவராம். அவருடைய யூத சபையில் ஒருவர் இறந்தால் அடக்கம்வரை உடலைத் தனியே விடுவதில்லை. முறை வைத்து ஆள் வந்து இருப்பார்கள். இறந்தவரைத் தனக்குத் தெரியாது என்றார். தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லையாம்.

நான் யாருக்காக வந்தேன் என்று கேட்டார். சொன்னேன். "அவருக்கு யார் இருக்கிறார்கள்? மூன்று நாளாகப் பார்க்கிறேன், ஒருவரும் வரவில்லை" என்றார். இரண்டு சங்கங்கள் இருக்கின்றன, எது அருகில் என்று அளந்துகொண்டிருக்கிறோம் என்றேன். பகிடி பண்ணுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் மலர்ந்து, "ஆ, நீங்களுமா?" என்றார்.

மோசேயின் ஐந்தாம் ஆகமமாகிய உபாகமத்தில், இருபத்தோராம் அதிகாரம் என்றார். எங்கள் வேதத்திலும் அது இருக்கிறது. இருபது வருடம் பூசைக்குப் போயும் நான் அதைக் கவனித்ததில்லை. வெளியில் ஒருவன் கொல்லப்பட்டுக் கிடக்கிறான், கொன்றவன் யார் என்று தெரியாது. அப்போது மூப்பர்கள் போய், உடல் கிடக்கும் இடத்திலிருந்து சுற்றியுள்ள ஊர்களுக்கு அளக்க வேண்டும். கிட்டிய ஊரின் மூப்பர்கள் ஒரு கிடாரிக் கன்றைப் பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோய்க் கழுத்தை முறித்து, அதன்மேல் கைகழுவி, இந்த இரத்தத்தை எங்கள் கைகள் சிந்தவில்லை, எங்கள் கண்கள் காணவுமில்லை என்று எல்லோர் முன்னும் சொல்ல வேண்டும்.

மூப்பர்கள் கொலைகாரர் என்று யாராவது நினைத்தார்களா என்று கேட்டேன். அவர்களுடைய பழைய பெரியவர்களும் இதையே கேட்டார்களாம். அவர்கள் கண்ட விடை இது. அந்த மனிதன் எங்களிடம் வந்து நாங்கள் சாப்பாடு கொடுக்காமல் அனுப்பவில்லை, அவனைக் கண்டும் துணைக்கு ஆள் விடாமல் போகவிடவில்லை. கைகழுவும்போது மூப்பர்கள் சொல்வது இதைத்தானாம்.

பிறகு கேட்டார்: "உங்கள் இரண்டு சங்கங்களில் யார் வெல்கிறார்கள்?" வெல்வது என்றால் என்ன என்று நான் கேட்டேன். "அருகில் இருப்பவர்கள் யார்?" என்றார். அவர்களுடைய ஊர்கள் தங்கள் முறையா என்று கேட்க அளந்தன. நாங்கள் எங்கள் முறை இல்லை என்று காட்ட அளக்கிறோம் என்பதை அவருக்குச் சொல்ல எனக்கு ஆங்கிலம் வரவில்லை. முப்பது வருடமாக வந்த ஆங்கிலம்.

உள்ளே போனேன். முகத்தைக் கண்டதும் தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து மன்றத்தின் பதிவேட்டை எடுத்தேன். அங்கத்தவர் பதிவேடு அல்ல, வந்துபோனவர்களின் பதிவேடு. ஜனவரி 2, சனிக்கிழமை, என் கையெழுத்தில்: "தில்லையம்பலம், நோர்பரி. டொக்டரிடம் போகத் துணைக்கு ஆள் வேண்டும், ஆங்கிலம் தெரியாது. தோர்ண்டன் ஹீத்துக்கு வழிகாட்டப்பட்டது."

நெஞ்சைத் தடவிக்கொண்டுதான் கேட்டார். "தங்கச்சி, ஆராவது என்னோட ஒருக்கா வருவினமோ?" பொங்கல் விழாவுக்கு மேடை அலங்காரம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். "உங்கட பக்கத்தைத் தோர்ண்டன் ஹீத் ஆக்கள்தான் பாக்கினம் அண்ணை, 109 பஸ்" என்றேன். தேத்தண்ணி கொடுத்தேனா என்று பதிவேட்டில் இல்லை. கொடுத்திருந்தால் எழுதியிருப்பேன். நான் அப்படிப்பட்டவள். நான் தாதி என்பதை உங்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை.

அவருடைய சட்டைப்பையில் இருந்த காகிதத்தையும் காட்டினார்கள். போட்டோக்கொப்பி இத்துடன். உங்கள் மண்டபத்திலிருந்து எங்கள் மண்டபத்துக்குப் போகும் பாதை. வடக்கு அம்புக்குறி இருக்கிறது, அளவுத்திட்டம் இருக்கிறது, பஸ் தரிப்புகளுக்குக் குறியீடும் கீழே அதன் விளக்கமும் இருக்கின்றன. வழி கேட்டவனுக்கு இவ்வளவு அழகாக வரைந்து கொடுக்கும் மனிதர் தென் லண்டனில் ஒருவர்தான்.

நான் ஒன்றும் கேட்கவில்லை.

மரியநாயகி


தோர்ண்டன் ஹீத்
6 பெப்ரவரி 1988

சகோதரி,

உங்கள் கடிதம் வந்து ஐந்து நாளாகிறது. நான்கு பதில் எழுதிக் கிழித்தேன். நான்கும் நல்ல கடிதங்கள்.

அவர் வந்தார். ஒன்பதாம் திகதி, இரண்டு மணியிருக்கும். நான் பெயர் கேட்கவில்லை. எந்த வீதி என்று கேட்டேன். வரைபடத்தை எடுத்து மேசையில் விரித்து, சிவப்புக் கோட்டைக் காட்டி, அவருடைய வீதி உங்கள் பக்கம் விழுகிறது என்று விளக்கினேன். குனிந்து வடிவாகப் பார்த்தார். "நல்லாக் கீறியிருக்கிறியள் ஐயா" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் வழிக்குறிப்பை வரைந்து கொடுத்தேன். அங்கே ஏற்கெனவே போனேன் என்று அவர் சொல்லத் தொடங்கியதாக ஞாபகம். பஸ்ஸுக்குக் காத்திராமல் நடந்தால் ஐம்பது நிமிடம் என்று நான் குறுக்கே சொன்னேன். சரியாகத்தான் சொன்னேன். நடந்து பார்த்திருக்கிறேன்.

முந்தாநாள் திரும்பவும் அளந்தேன். எனது கோட்டைத் தாண்டி உங்கள் பக்கம் ஐம்பத்தோரு அடியில் இருக்கிறது அந்த வாங்கு. கோட்டைத் தாண்டும்வரை அவர் உட்காரவில்லை. அதற்கு முன் இரண்டு வாங்கு இருக்கிறது. கையில் என் படம் இருந்தது, எல்லைக்கோடு அதிலும் உண்டு. சங்கம் விதித்த எல்லையை அவரளவுக்கு மதித்த அங்கத்தவர் எங்கள் ஒன்றியத்தில் ஒருவரும் இல்லை.

குசினிக் கதவு விஷயத்தில் நீங்கள் சொன்னது உண்மை. முன்வாசலிலிருந்து அளந்தால் 6,370 அடி. பதினெட்டு அடி எங்களுக்கு அருகில். திருத்திய அளவைக் கவுன்சிலுக்கு எழுதிவிட்டேன். தில்லையம்பலம் எங்களுடையவர். உங்கள் மன்றம் மலர்வளையம் அனுப்பலாம்.

உங்கள் ஆகமம் பற்றி ஒன்று. கன்றின் கழுத்தை முறிக்கும் பகுதியைச் சைவர்கள் என்ற முறையில் எங்களால் ஏற்க இயலாது. மற்றப் பகுதியைச் சொல்லிக் கைகழுவ எங்களால் முடியாது.

குலசேகரம்


ஸ்ட்ரெதம்
8 பெப்ரவரி 1988

குலசேகரம் அண்ணை,

6,388 அடி, 6,490 அடி என்று கையெழுத்தும் முத்திரையும் வைத்த உங்கள் ஜனவரி 18 கடிதம் என்னிடம் இருக்கிறது. அளவு அளவுதான் என்று அதில் எழுதியிருக்கிறீர்கள். இருபத்திரண்டு வருட அனுபவமுள்ள அளவையாளரின் முதல் அளவை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். அதன் பிரதியைக் கவுன்சிலுக்கு இன்று காலை நேரில் கொடுத்தேன். அவர் எங்களுடையவர்.

கவுன்சில் உத்தியோகத்தர் இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இந்த வேலையில் பதினான்கு வருடமாம். ஒரு உடலை இரண்டு தரப்பும் எங்களுக்கு வேண்டும் என்று கேட்பது இதுவே முதல் தடவையாம். நான் நிமிர்ந்து நின்றேன். அண்ணை, இந்த நாட்டுக்கு வந்து அப்படி நான் நின்றது குறைவு.

இரண்டு பெயரிலும் கையெழுத்து வைத்தால் தருவதாகச் சொன்னார். எந்தப் பெயர் மேலே என்று நீங்கள் கேட்பீர்கள். படிவத்தில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பெட்டி இருக்கிறது. இடதுபக்கம் எனக்கு.

தகனம் 18ஆம் திகதி வியாழக்கிழமை. உங்கள் ஐயரை ஒழுங்கு செய்யுங்கள். சவச்சாலையில் இனி முறை வைத்து இருக்கிறோம். நாற்காலியை ரோசன் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். செவ்வாயும் புதனும் உங்கள் ஆட்கள். தேத்தண்ணிப் போத்தல் கொண்டுவரச் சொல்லுங்கள், நடைபாதை குளிர்.

மரியநாயகி


ஸ்ட்ரெதம்
21 பெப்ரவரி 1988

அண்ணை,

நீங்கள் எழுதுவீர்கள் என்று மூன்று நாள் பார்த்தேன். எழுதவில்லை. ஆகவே நானே எழுதுகிறேன்.

வேலைநாளில் நூற்று நாற்பது பேர். இரவு ஷிப்ட் முடித்து நித்திரை கொள்ளாமல் வந்தவர்கள் இருந்தார்கள். எங்கள் தேவாலயப் பங்கில் செபமாலை சொல்லும் பெண்கள் பதினெட்டுப் பேர் பின்வரிசையில் இருந்து உங்கள் தேவாரத்தை முடிவுவரை கேட்டார்கள். சவப்பெட்டி அந்த வாங்கடியில் ஒரு நிமிடம் நின்று போனது. 109 பஸ் பின்னால் காத்து நின்றது. சாரதி ஹோர்ன் அடிக்கவில்லை.

நான்கு பக்க உரை எழுதி வந்திருந்தீர்கள் என்று எனக்குத் தெரியும், கையில் கண்டேன். எழுந்து கண்ணாடியைப் போட்டீர்கள், கழற்றினீர்கள். கடதாசியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தீர்கள். "இவர் எங்களிட்டை வந்தவர். நாங்கள் அனுப்பிப்போட்டம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டீர்கள். உங்கள் தலைவருக்கு முகம் கறுத்தது. எனக்குப் பக்கத்தில் ஆனந்தராஜா எழுந்து நின்றார். பிறகு எல்லோரும் நின்றார்கள். இந்தத் தடவை ஆருக்காக என்று அவர் கேட்கவில்லை.

மூன்று வருடம் உங்களோடு பேசாமல் இருந்தது ஒரு பெரிய மனிதரோடுதான் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

ரோசன் வந்திருந்தார், நடந்ததை முன்பே அவருக்குச் சொல்லியிருந்தேன். வெளியில் தொப்பியைச் சரிசெய்தபடி சனத்தை எண்ணினார். "நூற்று நாற்பது. நல்ல கூட்டம்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது, மறைக்கவில்லை. பிறகு சொன்னார்: "டொக்டரிடம் போவதற்கு ஒருவர் போதுமாக இருந்திருக்கும்."

குத்திச் சொல்லவில்லை. எண்ணிப் பார்த்துச் சொன்னார்.

மரியநாயகி


தோர்ண்டன் ஹீத்
27 பெப்ரவரி 1988

தங்கச்சி,

எங்கள் சட்டதிட்டங்களான யாப்பில் நேற்று ஒரு விதி சேர்த்தோம். தலைவர் மூன்று திருத்தம் கொண்டுவந்தார், மூன்றும் தோற்றன. விதி இது: "ஒன்றியத்தின் கதவுக்கு வந்தவரை வேறிடத்துக்கு அனுப்புவதில்லை. போகவேண்டிய இடம் எதுவானாலும் ஒன்றியத்தின் ஆள் ஒருவர் கூடப் போவார். வந்தவரின் முகவரி கேட்கப்படமாட்டாது. பெயர் கேட்கப்படும். தேத்தண்ணி உண்டு."

முதலாவது ஆளாக என் பெயரைப் பதிந்திருக்கிறேன். பெட்ரோல் ஷெட்டில் என் முறை பின்னேரத்தில்தான், காலையில் நான் சும்மா.

1985 வரைபடத்தின் மூலப்பிரதி இத்துடன் வருகிறது. சிவப்புக் கோட்டை அழித்திருக்கிறேன். நல்ல பென்சில், தடம் முழுவதும் போகவில்லை. மற்றபடி படம் சரியானது. ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவதற்குப் பயன்படும்.

உங்கள் மன்றமும் இதே விதியைச் சேர்க்குமாயின், அது எங்களுடையதைப் பார்த்துச் சேர்த்தது என்று ஒரு அடிக்குறிப்பு இட்டால் நல்லது.

குலசேகரம்


ஸ்ட்ரெதம்
12 செப்டெம்பர் 1994

குலசேகரம் அண்ணை,

சுகம்தானே? வீட்டில் சிவகௌரி அக்காவின் முழங்கால் எப்படி? மகப்பேற்றுக்கு நான் கூட்டிப்போன கலாவதி தன் மகளை இந்த மாதம் தமிழ் வகுப்பில் சேர்த்திருக்கிறாள். "என்னை இவதான் பஸ்ஸில ஏத்தினவ" என்று பிள்ளைக்கு என்னைக் காட்டினாள்.

நேற்றுப் பதிவேட்டைப் பார்த்தேன். ஆறு வருடத்தில் எங்கள் ஆட்கள் கூடப்போனது 387 தடவை. டொக்டர், வக்கீல், அரச உதவிப்பணம் தரும் பெனிபிட் கந்தோர், பள்ளிக்கூடம். ஊரில் நல்லூர்க் கோயிலுக்குப் பக்கத்து வீடு என்று மட்டும் தெரிந்த ஒரு சிநேகிதரைத் தேடி ஒருவரோடு இல்ஃபோர்ட் வரைக்கும் போய், கண்டும் பிடித்தோம். உங்கள் எண்ணிக்கை 351 என்று கேள்வி. வாழ்த்துகள். அடிக்குறிப்பு இன்னும் எங்கள் யாப்பில் இருக்கிறது, சிறிய எழுத்தில்.

ரோசன் சென்ற மாதம் காலமானார். அறிந்திருப்பீர்கள். அவருடைய சபையில் கேட்டேன், ஒரு மணி நேரம் எனக்கும் கொடுத்தார்கள். அதே நடைபாதை, அதே நாற்காலி. அந்நியருக்கு அவர்கள் அதைக் கொடுப்பது வழக்கமில்லையாம். "நீங்கள் யார்?" என்று வாசலில் கேட்டார்கள். "பக்கத்து ஊர்" என்றேன்.

இப்போது விஷயம். எங்கள் பழைய மண்டபத்தை இடிக்கிறார்கள். செயற்குழு ஐந்து இடம் பார்த்தது. வாகனம் நிறுத்த வசதி, மேடை, குசினி என்று ஆளுக்கொரு நியாயம் சொன்னார்கள். நான் ஒன்றைத்தான் கேட்டேன். புதிய மண்டபத்தின் முகவரி கீழே இருக்கிறது. வாங்கிலிருந்து 5,120 அடி. சக்கரம் நாங்கள் சொந்தமாகவே வாங்கிவிட்டோம்.

முன்வாசலிலிருந்து அளந்தாலும், குசினியிலிருந்து அளந்தாலும், இனி நோர்பரி எங்களுக்கு அருகில். இதில் வாதத்துக்கு இடமில்லை என்பதைப் பெருமையுடன் அறியத்தருகிறேன்.

மரியநாயகி


தோர்ண்டன் ஹீத்
3 ஒக்ரோபர் 1994

தங்கச்சி,

ரோசனுக்காக எங்கள் செயற்குழு எழுந்து நின்றது. அவர் பெயரைச் சொல்லிவிட்டு நின்றோம்.

உங்கள் புதிய மண்டபத்துக்கு வாழ்த்துகள். ஞாயிற்றுக்கிழமை போய் அளந்தேன். 5,131 அடி. சைக்கிள் நிறுத்தும் கொட்டிலிலிருந்து அளந்திருக்கிறீர்கள். குசினிக் கதவில் தொடங்கிய ஒருவன் இதைப் பற்றி அதிகம் பேசக்கூடாது. ஆனால் பதிவில் இருக்கட்டும்.

வரும் சனிக்கிழமை நாங்களும் ஒரு மண்டபம் பார்க்கப் போகிறோம். எங்களுடைய இப்போதைய மண்டபத்தில் ஒரு குறையும் இல்லை, அதை யாரும் இடிக்கவும் இல்லை. புதிய இடத்தில் மேடை இல்லை, கூரை ஒழுகுகிறது, கழிவறைக்கு வெளியே போகவேண்டும். செயற்குழுவில் ஒருவர்கூட எதிர்க்கவில்லை.

வாங்கிலிருந்து 4,902 அடி.

குலசேகரம்